என் பெட்டி ஒழுகவில்லை

மனுஷ ரத்தத்தில் ஒரு மருந்து எவ்வளவு ஒட்டிக்கொள்கிறது, எவ்வளவு ஒட்டாமல் திரிகிறது என்று பிரித்துக் காட்டுகிற பெட்டியை அடையாறில் என் கையால் செய்தேன். ஃபாரினிலிருந்து வருகிறது, வருகிறது என்று டைரக்டர்கள் மாறி மாறிச் சொல்லிக்கொண்டிருந்த சாமான் அது. வரவேயில்லை. அந்தப் பெட்டியை வெந்நீரில் போட்டு ஆட்டுவதற்கு, ராயப்பேட்டையில் ஒரு கல்யாணச் சமையல்காரர் கழித்துப் போட்ட அலுமினிய அண்டாவையும் பழைய காரின் வைப்பர் மோட்டாரையும் சேர்த்து ஒரு இயந்திரம் செய்தேன். ஊரில் கரன்ட் ஏறி இறங்கும். என் அண்டாவில் சூடு ஏறி இறங்காது. ரத்தத்தைச் சுற்றித் தெளியவைக்கிற சென்ட்ரிஃப்யூஜுக்கு பேரிங் போனபோது கம்பெனிக்காரன் வந்து பார்த்து, "புதுசு வாங்கிடுங்க" என்று தலையைச் சொறிந்துவிட்டுப் போனான். நான் மாற்றினேன். நான் ரிட்டயர் ஆகிறவரை அது ஓடியது.

படிப்பு ஆறாங்கிளாஸ். ஏழாவதில் வாத்தியார் என்னை வெளியே நிற்கச் சொன்னார். நின்று நின்று பார்த்தேன், அப்படியே நடந்து லேத் பட்டறைக்குப் போய்விட்டேன். அங்கே கற்றதைப் பெரிதாக எழுத ஒன்றுமில்லை. அடிபட்டேன், கற்றேன். அறுபதுகளின் கடைசியில் அடையாறு ஆராய்ச்சிக் கூடத்தில் மெக்கானிக் வேலைக்கு ஆள் கேட்டார்கள். வரிசையில் நின்றவர்களில் சர்டிபிகேட் வைத்திருந்தவர்கள் எத்தனையோ பேர். உடைந்த பம்ப்பைக் கொடுத்து ஓட வைக்கச் சொன்னார்கள். ஓட வைத்தவன் நான் ஒருத்தன்தான்.

இப்போது அங்கே வேலை பார்க்கிற பிள்ளைகள் என்னைப் பார்த்தால், "அங்கிள், அப்பல்லாம் கிட் இல்லாம எப்படிப் பண்ணீங்க?" என்று கேட்கிறார்கள். கிட் என்றால் அட்டைப்பெட்டியில் எல்லாம் தயாராக வரும். ஊற்றி, பொத்தானை அழுத்திவிட்டு டீ குடிக்கப் போகலாம். மெஷின் தப்பு சொன்னாலும் இவர்களுக்குத் தெரியாது, மெஷினுக்கும் தெரியாது. கேட்டீர்களே, சொல்கிறேன். உட்கார்ந்து கேளுங்கள்.

முதலில் விஷயம். மாத்திரை விழுங்கினால் அது ரத்தத்துக்குப் போகும். ரத்தத்தில் புரோட்டீன் மிதக்கிறது. மருந்தில் பெரும்பங்கு அந்தப் புரோட்டீனைப் பிடித்து ஒட்டிக்கொள்ளும். ஒட்டிக்கொண்டது வேலை செய்யாது. ஒட்டாமல் திரிகிற கொஞ்சம்தான் இதயத்துக்கோ மூளைக்கோ போய் வேலை செய்யும். எங்கள் ஆபீசிலும் இதே கதைதான் என்பதால் எனக்கு ஒரே நாளில் புரிந்துவிட்டது. பெரியவர்களைப் பிடித்து ஒட்டிக்கொண்டிருந்த ஒருத்தனும் வேலை செய்து நான் பார்த்ததில்லை.

பெட்டி எப்படி? போர்டு எழுதும் கடைகளில் பெர்ஸ்பெக்ஸ், அதாவது கண்ணாடி மாதிரிப் பிளாஸ்டிக், துண்டு துண்டாகக் கழித்துப் போடுவான். தி.நகர் ஜவுளிக்கடைகளெல்லாம் மாற்றி மாற்றிப் பளபளவென்று போர்டு வைத்த காலம். அந்தத் துண்டுகளை வாங்கி, லேத்தில் கொடுத்து, ஒவ்வொன்றிலும் ஒரு குழி குடைவேன். இரண்டு துண்டு முகத்தோடு முகம் சேர்ந்தால் ஒரு பெட்டி. நடுவில் இதற்கென்றே வருகிற செலஃபேன் தாள். தாளுக்கு இந்தப் பக்கம் ரத்தத்தின் தெளிந்த நீர், அந்தப் பக்கம் உப்புத் தண்ணீர். புரோட்டீன் பெரிய ஆள், தாளைத் தாண்டாது. மருந்து சின்ன ஆள், தாண்டும். ஆனால் புரோட்டீனை ஒட்டிக்கொண்ட மருந்து அதை விட்டுவிட்டு வராது. ஆகவே உப்புத் தண்ணீர்ப் பக்கம் வந்து சேருகிற அளவைப் பார்த்தால், ஒட்டாமல் திரிவது எவ்வளவு என்று தெரிந்துவிடும். இவ்வளவுதான்.

இவ்வளவுதான் என்று சொல்லிவிட்டேன், செய்து பாருங்கள். இரண்டு முகமும் மயிரிழை பிசகினால் ஒழுகும். தட்டைக் கண்ணாடியின் மேல் பித்தளை பாலிஷ் பசையைத் தடவி, அதன்மேல் பெர்ஸ்பெக்ஸை எட்டுப் போடுகிற மாதிரி தேய்க்க வேண்டும். மேலே அமுக்கக் கூடாது. கையின் கனமே போதும். முகத்தை முகத்தோடு வைத்தால் தூக்கும்போது சப்பென்று பிடிக்க வேண்டும், அதுதான் கணக்கு. தாளை ஊறவைத்து, சுருக்கமில்லாமல் விரித்து, ஸ்க்ரூவை எதிரெதிர் மூலையாகக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்க வேண்டும். ஒரு மூலையை முதலில் இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போகிறவன் ஸ்க்ரூ பிடிக்கவே லாயக்கில்லை. எம்.எஸ்சி. படித்து வந்த எத்தனையோ பேர் அப்படித்தான் முறுக்கினார்கள். கையைத் தட்டிவிட்டிருக்கிறேன்.

அப்போது எங்கள் பிரிவுக்குத் தலைவர் டாக்டர் சௌந்தரராஜன். மயிலாப்பூர்க்காரர். அங்கே ஒரு நர்சிங் ஹோமில் இதய நோயாளிகளையும் பார்ப்பார். மூளை உண்டு, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் ஃபாரின் என்று ஒரு சீட்டு ஒட்டியிருந்தால் செங்கல்லையும் கும்பிடுவார். நான் எதைச் செய்து கொடுத்தாலும் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். "நன்னாத்தான் இருக்கு. இம்போர்ட்டட் மாதிரி வருமா?" என்பார். திட்டும்போது மேஜையில் விரலால் தாளம் போட்டுக்கொண்டே திட்டுவார். மார்கழி வந்துவிட்டால் மத்தியானக் கச்சேரிக்கே சபாவுக்குப் போய்விடுவார். லேபில் ரத்தம் உறைந்தாலும் சரி.

அவருக்குக் கீழே டாக்டர் ஜமீலா. திருவல்லிக்கேணிக்காரர். அவர் அத்தா பைண்டிங் கடை வைத்திருந்தார். நர்சிங் ஹோமில் நோயாளியைப் பார்த்து, அங்கேயே ரத்தம் எடுத்து, தெர்மாஸில் ஐஸ் போட்டு, பஸ் ஏறி அடையாறுக்கு வந்து, தானே பெட்டியில் ஊற்றுகிற ஒரே டாக்டர். ஸ்க்ரூவை எதிரெதிராக முறுக்குவார். அதனால் எனக்கு மரியாதை.

நாங்கள் பார்த்துக்கொண்டிருந்த மருந்து குவினிடின். சின்கோனா மரப்பட்டையிலிருந்து வருவது, தாறுமாறாக அடிக்கிற இதயத்தை அடக்குவது. அதில் ஒரு வசதி. ஆசிட் கலந்து ஊதா விளக்கின் கீழே வைத்தால் நீலமாக ஒளிரும். ஒளி அதிகமென்றால் மருந்து அதிகம்.

எழுபதுகளின் நடுவில், நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்த வேலையில் ஃபாரின் குழாய்கள் வந்து சேர்ந்தன. சௌந்தரராஜனின் சிநேகிதர் யாரோ கொண்டுவந்து கொடுத்த பெட்டி. கண்ணாடிக் குழாய், உள்ளே காற்றை உறிஞ்சி எடுத்து, சிவப்பு ரப்பர் மூடி போட்டிருப்பான். மூடியில் ஊசியைக் குத்தினால் ரத்தம் தானாகவே உள்ளே பாயும். அழகுதான். அவர் அதை பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். கல்யாண நகைக்குக்கூட அத்தனை காவல் கிடையாது. தினமும் எண்ணித் தருவார். வாங்கிக்கொண்டு போய், ரத்தம் எடுத்து, தெர்மாஸில் படுக்கப்போட்டு, பஸ்ஸில் குலுங்கக் குலுங்கக் கொண்டு வருவார் டாக்டரம்மா.

வந்த நாளிலிருந்து கணக்கு புரண்டது. ஒட்டாத மருந்து முன்னே இருந்ததைவிட இரண்டு பங்காகக் காட்டியது. உடனே பழி யார் தலையில்?

"ஏன்டா எத்திராஜ், ஒன் டப்பா ஒழுகறது."

"ஒயுகல சார்."

"நம்பர் சொல்றதேடா. புரோட்டீன் அந்தப் பக்கம் போயிண்டிருக்கு. மருந்தையும் சேத்து இழுத்துண்டு போறது. தேஞ்சு போச்சு ஒன் டப்பா."

"நம்பர் இன்னா வேணா சொல்லிக்கினு போட்டும் சார். பொட்டி என்து. ஒயுகாது."

"வாயப் பாரு." மேஜையில் தாளம்.

டாக்டரம்மா வாக்குவாதத்துக்கே போகவில்லை. என் பெட்டியின் உப்புத் தண்ணீரைக் குழாயில் எடுத்து, புரோட்டீன் இருந்தால் பால் மாதிரித் திரிக்கிற ஆசிடைச் சொட்டினார். திரியவில்லை. ஒவ்வொரு பெட்டியாக எடுத்தார். எதுவும் திரியவில்லை. எல்லாம் கிணற்றுத் தண்ணீர் மாதிரித் தெளிவு.

"சார், புரோட்டீன் ஒரு துளிகூட இல்ல. பெட்டி ஒழுகல," என்றார்.

அங்கேயே விட்டிருக்கலாம் மனுஷன். படித்தவருக்குத் தப்பு என்று ஒப்புக்கொள்ள முடியாதபோது, அதைவிடப் பெரிய தப்பாக ஒரு தியரி பிறக்கும். இரண்டு நாள் யோசித்துவிட்டு வந்தார். புது நம்பர்தான் சரியாம். பழைய நம்பர்தான் தப்பாம். ஏனென்றால் அது லோக்கல் குழாயில் எடுத்த ரத்தம். நம்ம ஜனங்கள் அரிசிச் சோறு தின்று வளர்ந்தவர்கள், அதனால் ரத்தத்துப் புரோட்டீனில் மருந்தைப் பிடித்துக்கொள்ளத் திராணி இல்லை. ஒட்டாமல் திரிகிற மருந்து வெள்ளைக்காரனைவிட அதிகம். ஆகவே நமக்குப் பாதி டோஸ் போதும்! இதை ஒரு மாநாட்டில் படிக்கப்போவதாகவும் சொன்னார். கேட்டுக்கொண்டிருந்தவர்கள் அத்தனை பேரும் அரிசிச் சோறு தின்றவர்கள். தலையை மட்டும் ஆட்டினார்கள், என் வைப்பர் மோட்டார் தோற்றது போங்கள்.

தியரி பேப்பரோடு நின்றிருந்தால் எனக்கென்ன. அது வேலாயுதத்தின் வாய்க்குள் போனது.

வேலாயுதம் திருநெல்வேலிப் பக்கத்து ஆள். தி.நகரில் அவர் ஊர்க்காரர் முதலாளியாக இருந்த ஜவுளிக்கடையில் பட்டு செக்‌ஷனில் நிற்பவர். இதயம் தாளம் தப்பி அடிக்கும். குவினிடினால் ஒரு வருஷமாக அடங்கியிருந்தது. சௌந்தரராஜனின் நோயாளி. புது நம்பரை வைத்து அவருக்கு டோஸைப் பாதியாக்கினார்கள். அடுத்தடுத்த நாட்களிலேயே படபடப்பு திரும்பி வந்தது. மார்கழியில், பொங்கல் கூட்டம் கடையை நெரிக்கிற நேரத்தில், ஒரு அம்மாளுக்குப் புடவையை விரித்துக் காட்டிக்கொண்டே அந்தப் புடவை மேலேயே மயங்கி விழுந்தார். நர்சிங் ஹோமுக்குக் கொண்டு வந்தார்கள். தெர்மாஸ் தூக்குவதற்காக அன்றைக்கு நானும் டாக்டரம்மாவோடு போயிருந்தேன்.

"எப்படி இருக்கு வேலாயுதம்?"

"நெஞ்சுக்குள்ள கோழி ரெக்கைய அடிக்க மாதிரிக் கெடக்கும்மா. மாத்திரைய ஏன் கொறச்சிய? நல்லாத்தானே இருந்தேன்."

"உங்க ரத்தத்துக்கு அது போதும்னு..." என்று இழுத்தார் டாக்டரம்மா.

"ரத்தத்துக்குப் போதும்ங்கிய. எனக்குப் போதலியே!"

பெரியவரிடம் கேட்காமல் டோஸை ஏற்றுகிற அதிகாரம் அந்த அம்மாவுக்கு இல்லை. அதிகமாகக் கொடுத்தாலும் அந்த மருந்து ஆளைக் கொன்றுவிடும்; அதுவும் உண்மை. ஆகவே புதிதாக ரத்தம் எடுத்துப் பார்க்கலாம் என்றார். அன்றைக்கு எண்ணித் தந்த ஃபாரின் குழாய் தீர்ந்திருந்தது. பீரோ பூட்டியிருந்தது. சாவி சபாவில், முதல் வரிசையில், தொடையைத் தட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. வேறு வழியில்லாமல் கண்ணாடி சிரிஞ்சில் ரத்தம் எடுத்து, பழையபடி நம்ம சாதாக் கண்ணாடிக் குழாயில் ஊற்றி, வாய்க்கு மெழுகுத்தாள் கட்டிக் கொண்டுவந்தோம்.

மறுநாள் பார்த்தால் நம்பர் பழைய இடத்துக்கு வந்துவிட்டது. வேலாயுதத்தின் ரத்தம் மருந்தை நன்றாகவே பிடித்துக்கொண்டிருந்தது. திரிகிறது கொஞ்சம்தான். பாதி டோஸில் அந்தக் கொஞ்சமும் பாதியாகியிருந்தது. ஆள் விழாமல் என்ன செய்வார்?

டாக்டரம்மா நேரே பெரியவர் அறைக்குப் போனார். நானும் கூடப் போய்க் கதவருகே நின்றேன்.

"லோக்கல் குழாய் அப்படித்தான் காட்டும்மா," என்றார் அவர். "அதத்தானே நான் ஆரம்பத்துலேர்ந்தே சொல்லிண்டிருக்கேன். அதோட அந்த டப்பாவும் சேந்துண்டா கேக்கணுமா? ஏய் எத்திராஜ், அதெல்லாத்தையும் பழைய சாமான்காரனுக்குப் போட்டுடு. இம்போர்ட்டட் வரட்டும், அப்பறம் பாத்துக்கலாம்."

"வர்ற வரைக்கும் வேலாயுதம்?" என்று கேட்டார் டாக்டரம்மா.

"அதே டோஸ்."

எனக்கு ரத்தம் கொதித்தது. "சார், எம் பொட்டிய ஒடச்சிக் குப்பைல போடுங்கோ, நான் வேற செஞ்சிக்கிறேன். அந்த ஆள எத்த வச்சி வேற செய்வீங்கோ?" என்று கேட்டுவிட்டேன்.

டாக்டரம்மா அதற்குள் பேச்சைப் பிடித்துக்கொண்டார். "சார், ஒரே ஆள் ரத்தம். ஒரு பங்கு உங்க குழாய்ல, ஒரு பங்கு சாதாக் குழாய்ல. ஒரே அண்டா, ஒரே மாதிரிப் பெட்டி. நீங்களே பக்கத்துல நின்னு பாருங்க. உங்க நம்பர் சரின்னா நானே பெட்டியெல்லாம் தூக்கிப் போடறேன்."

அவர் சாவியை எடுத்தார். ஒரு குழாயைக் கோவில் பிரசாதம் மாதிரி உள்ளங்கையில் வைத்துக் கொடுத்தார்.

"யார் ரத்தம்?" என்றார்.

"என்து," என்று சட்டைக் கையை மடித்தேன். "நானும் அரிசிச் சோறுதான்."

ஃபாரின் குழாயில் ஒரு பங்கு பாய்ந்தது. சிரிஞ்சில் எடுத்ததைச் சாதாக் குழாய்கள் இரண்டில் ஊற்றினார் டாக்டரம்மா. இரண்டு எதற்கு என்று நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, தீர்ந்துபோன ஃபாரின் குழாயின் சிவப்பு மூடி ஒன்றை எடுத்து, பிளேடால் சீவி, அந்தத் துண்டை ஒரு சாதாக் குழாய்க்குள் போட்டார். ரகசியமாகச் செய்யவில்லை, சொல்லிவிட்டே செய்தார். "மாறினது குழாய். ரெண்டும் கண்ணாடி. மூடி மட்டும்தான் வேற. இதையும் பாத்துடுவோம் சார்." இதைக் கண்டுபிடித்தது அந்த அம்மாவின் மூளை. நான் அதில் பங்கு கேட்கவில்லை. எத்திராஜ் பெருமை பேசுவான், திருட மாட்டான்.

சென்ட்ரிஃப்யூஜில் சுற்றி, தெளிந்த நீரை எடுத்து, மூன்றிலும் ஒரே அளவு குவினிடின் கலந்து, மூன்று பெட்டியில் நிரப்பினோம். ஸ்க்ரூவை நான்தான் முறுக்கினேன். பெரியவர் ஒவ்வொன்றையும் வாங்கிக் கவிழ்த்துப் பார்த்தார். ஒரு சொட்டு வரவில்லை. உடம்புச் சூட்டில் அண்டா ஆடியது. நேரம் ஆனதும் எடுத்து, உப்புத் தண்ணீரில் முதலில் புரோட்டீனுக்குச் சோதித்தார்கள். திரியவில்லை. பிறகு ஆசிட் கலந்து இருட்டறைக்குக் கொண்டுபோனோம். கறுப்புத் திரையை இழுத்துவிட்டு டாக்டரம்மா ஊதா விளக்கைப் போட்டார்.

சாதாக் குழாயிலிருந்து வந்தது லேசான நீலம். ஃபாரின் குழாயிலிருந்து வந்தது பளீரென்ற நீலம். சிவப்பு மூடித் துண்டு போட்ட சாதாக் குழாயிலிருந்து வந்ததும் அதே பளீர். ஒரே ஆளின் ரத்தம், என் ரத்தம். மீட்டரில் வைத்துப் பார்க்கத் தேவையே இல்லை, ஆனாலும் பார்த்தார்கள். ரப்பரை மிருதுவாக்கக் கலக்கிற ஏதோ ஒன்று மூடியிலிருந்து ரத்தத்தில் இறங்கி, புரோட்டீனில் மருந்து உட்காருகிற இடத்தில் தான் உட்கார்ந்துகொண்டு, மருந்தை வெளியே தள்ளிவிட்டிருக்கிறது. நோயாளியின் உடம்புக்குள் ஒன்றும் நடக்கவில்லை. எல்லாம் குழாய்க்குள், பஸ்ஸில், தெர்மாஸில் படுத்துக்கொண்டு வந்தபோது நடந்தது.

பெரியவர் விரல் அசையவில்லை. பிறகு, "ஜமீலா, வேலாயுதத்துக்குப் பழைய டோஸ் எழுதிடு. இப்பவே ஃபோன் பண்ணிச் சொல்லிடு," என்றார். அந்த மட்டில் மனுஷன்தான். என் பக்கம் திரும்பினார். ஒரு வார்த்தை சொல்லப்போகிறார் என்று நினைத்தேன்.

"அண்டாவுல தண்ணி கொறஞ்சிருக்குடா, பாரு," என்றார்.

வேலாயுதத்துக்கு இதயம் அடங்கியது. பொங்கல் கழிந்து கடைக்கும் போய்விட்டார். ஒருநாள் அவரே லேபைத் தேடிக்கொண்டு வந்தார். டாக்டரம்மாவுக்கு ஒரு புடவை, எனக்கு ஒரு ஜரிகை வேட்டி. "ஓங்க பொட்டிதான் எனக்குச் சாட்சி சொல்லிச்சாம்லா. எங்க, காட்டுங்க பாப்போம்," என்றார். கையில் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இத்துனூண்டுதானா?" என்றார். அவ்வளவு பேரில் என் பெட்டியைப் பார்க்க வேண்டுமென்று கேட்டுப் பார்த்தவர் அவர் ஒருத்தர்தான்.

மாநாடு நடந்தது. அரிசிச் சோற்றுத் தியரி போன இடம் தெரியவில்லை. அதற்குப் பதிலாக, ரப்பர் மூடியால் வருகிற தப்பைப் பற்றி சௌந்தரராஜன் படித்தார். கைதட்டினார்களாம். பேப்பரில் அவர் பெயர் முதலில். நடுவில் தலையாட்டியதைத் தவிர எதுவும் செய்யாத இரண்டு பேர். கடைசியில் ஜமீலா. பெட்டியைப் பற்றி ஒரே வரி: எங்கள் துறையில் வடிவமைக்கப்பட்டது. துறை! துறை எந்த லேத்தில் நின்றது? துறையின் எந்த விரலில் பாலிஷ் பசை ஒட்டியது? டாக்டரம்மா என்னிடம் அந்த வரியைக் காட்டிவிட்டு, "உங்க பேரைப் போடச் சொன்னேன் அண்ணே, அடிச்சிட்டாங்க," என்றார். பிறகு அவரும் வேறு ஊருக்கு வேலை மாறிப் போய்விட்டார்.

நான் சும்மா இருந்தேன். மெக்கானிக்குக்குப் பேப்பர் எதற்கு என்று விட்டுவிட்டேன். போன மாதம் புதுக் கட்டடம் திறக்கிறோம் என்று கூப்பிட்டார்கள். வாசலில் கண்ணாடி அலமாரி, உள்ளே விளக்குப் போட்டு, என் பெட்டி. பக்கத்தில் அட்டை: டாக்டர் சௌந்தரராஜன் உருவாக்கிய டயாலிசிஸ் செல். என் பெட்டிக்கு இங்கிலீஷில் அதுதான் பெயர். அவர் உருவாக்கினாராம். பழைய சாமான்காரனுக்குப் போடச் சொன்னவர் உருவாக்கினாராம். அவர் போய்ச் சேர்ந்துவிட்டார், அவரைக் கேட்க முடியாது. இருக்கிறவர்களைக் கேட்கிறேன். அங்கே நின்ற டைரக்டரிடமும் கேட்டேன். "ரெக்கார்டுல அப்படித்தான் இருக்கு சார்," என்று சிரித்தார்.

ரெக்கார்டை எழுதியவர்கள் திருத்தலாம். ஆகவே இதைப் படிக்கிற டைரக்டரே, உங்களிடம் நான் கெஞ்சவில்லை, கேட்கிறேன். அந்த அட்டையை எடுங்கள். மூடியின் தப்பைக் கண்டுபிடித்தவர் டாக்டர் ஜமீலா என்று ஒரு வரி போடுங்கள். பெட்டியைச் செய்தவர் எத்திராஜ் என்று அதன் கீழே, அதே அளவு எழுத்தில், இன்னொரு வரி போடுங்கள். முன்னாலும் பின்னாலும் எனக்குப் பட்டம் எதுவும் கிடையாது. அட்டையில் இடம் இடிக்காது.